கத்துகிற பெல்ட்டுக்குக் காசை எதில் போடுவது: ஸ்பிறேயா, மலிவு பெல்ட்டா, நல்ல பெல்ட்டா?

வாகன மோட்டாரின், அதாவது எஞ்சினின், முன்பக்கத்தில் புல்லி என்ற சக்கரங்களைச் சுற்றி ஓடி, பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஓல்டனேற்றரையும் மோட்டாரைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப்பையும் சுழற்றுகிற பெல்ட்டைப் பற்றித்தான் முக்கியமாக இந்தப் பேச்சு. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு உதிரிப்பாகக் கடைக்குப் போய் "அண்ணை, பெல்ட் கத்துது" என்று சொன்னால் மூன்று பொருட்களில் ஒன்று மேசைக்கு வரும். பெல்ட்டில் அடிக்கிற ஸ்பிறே ஒன்று. பெயர் தெரியாத மலிவு பெல்ட் ஒன்று. பண்டோ, மிற்சுபோசி, கேற்ஸ், ஃபெனர் என்று பெயர் அச்சடித்த பெல்ட் ஒன்று. இந்த மூன்றையும் வன்னியின் கிரவல் தூசிக்கும் வெக்கைக்கும் காலபோக மழைக்கும் முன்னால் வைத்துப் பார்த்து எழுதுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஸ்பிறே வாங்க வேண்டாம். மலிவு பெல்ட்டுக்கு ஒரு சில இடம் உண்டு, அதற்கு வெளியே வேண்டாம். நல்ல பெல்ட்டை வாங்குங்கள், ஆனால் சத்தம் எதனால் வருகிறது என்று பார்க்காமல் அதையும் வாங்காதீர்கள். புல்லி கோணலாக நின்றால் எவ்வளவு நல்ல பெல்ட்டும் ஒரு போகத்துக்குள் தேய்ந்துவிடும்.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். நீட்டி இழுக்கிற "கீஈஈச்" என்றால் பெல்ட் வழுக்குகிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணியவுடன், ஹெட்லைற்றும் ஏசியும் ஒன்றாகப் போட்டவுடன், பவர் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க முறித்தவுடன் வரும். பாரம் ஏற ஏறச் சத்தமும் ஏறும். ஸ்டார்ட் பண்ணிய கையோடு கூடுதலாகக் கத்துவதற்குக் காரணம் பற்றரி. ஸ்டார்ட்டர் இழுத்துக் குறைத்ததைத் திருப்பி நிரப்ப ஓல்டனேற்றர் அந்த நேரம் முழு வலுவில் வேலை செய்யும். அதன் புல்லியைச் சுற்றக் கூடிய விசை வேண்டும், தொய்ந்த பெல்ட் அதைப் பிடிக்க முடியாமல் வழுக்கும்.

விட்டு விட்டு "கிச் கிச் கிச்" என்று வந்தால் அது வேறு வருத்தம். புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை, பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்தின் ஓரத்தில் உரசித்தான் உள்ளே இறங்குகிறது. ஐடிலில், அதாவது அக்சிலேற்றர் மிதிக்காமல் மோட்டார் ஓடும்போது, தெளிவாகக் கேட்கும். றேஸ் பண்ணினால் அடுத்தடுத்து நெருங்கி வந்து மோட்டார் இரைச்சலுக்குள் மறைந்துவிடும். இதற்குப் பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. இறுக்க இறுக்க ஓல்டனேற்றர் பெயாரிங்கும் வாட்டர் பம்ப் பெயாரிங்கும்தான் போகும். "கர்ர்" என்ற அரைப்புச் சத்தம் பெரும்பாலும் பெயாரிங்கிலிருந்து வருவது, அதற்குப் பெல்ட் கடைக்குப் போக வேண்டிய தேவையே இல்லை.

மார்கழிப் பனியிலோ மழைக்கு மறுநாளோ முதல் ஒரு நிமிடம் மட்டும் கத்திவிட்டு நின்றால் பதற வேண்டாம். பெல்ட்டில் படிந்த ஈரம் காயும்வரை அப்படித்தான். மோட்டார் சூடேறிய பிறகும் தொடர்ந்தால் கவனியுங்கள்.

இனி ஸ்பிறே. சந்தையில் உள்ளதில் மிக வேகமாகச் சத்தத்தை நிறுத்துவது இதுதான், அதனால்தான் விலைப்படுகிறது. உள்ளே இருப்பது பிசுபிசுப்பான ஒரு பிசினும் அதைக் கரைத்து வைக்கும் திரவமும். அடித்தவுடன் பெல்ட் புல்லியில் ஒட்டிக்கொள்ளும், சத்தம் நிற்கும். ஆனால் பெல்ட் ஏன் வழுக்கியது என்ற காரணம் அப்படியே இருக்கிறது. ஏ9 காப்பற் வீதியை விட்டு இறங்கி அக்கராயன் பக்கமோ துணுக்காய், முத்தையன்கட்டுப் பக்கமோ போனால் கிரவல் தூசி அந்தப் பிசினில் ஒட்டும். ஒட்டிய தூசி அரத்தாள் மாதிரி பெல்ட்டையும் புல்லிப் பள்ளத்தையும் அராவும். திரவம் றப்பருக்குள் ஊறி அதை உப்ப வைக்கும், இளக வைக்கும். பல வரி கொண்ட தட்டை பெல்ட்டில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் வரிகளுக்கு இடையில் கட்டி பிடித்த பிசின் பெல்ட்டைப் பள்ளத்தில் முழுதாக அமர விடாது. பெல்ட் செய்கிற பெரிய கம்பனிகளே வாகன பெல்ட்டுக்கு ஸ்பிறே அடிக்க வேண்டாம் என்கின்றன. சவுக்காரக் கட்டி தேய்ப்பது, மெழுகுதிரி பூசுவது, டீசல் துடைப்பது எல்லாம் இதன் உறவுக்காரர்கள்தான். சவுக்காரம் காய்ந்ததும் பெல்ட் முந்தியதை விட வழுக்கும், டீசல் றப்பரைத் தின்னும்.

ஸ்பிறே வாங்குகிற காசுக்குப் பதிலாக ஒரு போத்தல் பச்சைத் தண்ணீர் போதும். பெல்ட் சத்தத்தைப் பிரித்தறிய இதைவிட நல்ல கருவி இல்லை என்பது எங்கள் துணிந்த கருத்து. அரை லீற்றர் போத்தல் மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள். சாரத்தை மடித்துக் கட்டுங்கள் அல்லது காற்சட்டைக்கு மாறுங்கள். சால்வை, தொங்குகிற சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. கரண்டில் ஓடுகிற றேடியேற்றர் ஃபான் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றத் தொடங்கும், அதையும் மனதில் வையுங்கள். மோட்டார் ஐடிலில் கத்திக்கொண்டிருக்கும்போது பெல்ட்டின் உட்பக்கத்தில், அதாவது வரி உள்ள பக்கத்தில், ஒரு அடி தள்ளி நின்று தண்ணீரைப் பீச்சுங்கள். சத்தம் உடனே கூடினால் பெல்ட் தொய்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. சத்தம் சில நொடி அடங்கித் தண்ணீர் காய்ந்ததும் திரும்பி வந்தால் புல்லி கோணல். எந்த மாற்றமும் இல்லையென்றால் பெயாரிங் பக்கம் போங்கள். ஓல்டனேற்றரில் நேரே தண்ணீர் அடிக்காதீர்கள்.

அடுத்தது பெல்ட்டைக் கழற்றிப் பார்ப்பது. கழற்றுவதற்கு முன் பெல்ட் எந்தப் புல்லிக்கு மேலாலும் எதற்குக் கீழாலும் போகிறது என்று போனில் ஒரு படம் எடுங்கள். பெல்ட் இல்லாமல் மோட்டாரை ஒரு நிமிடத்துக்குக் குறைவாக ஓட விடுங்கள். வாட்டர் பம்ப் சுற்றாததால் அதற்கு மேல் விடக்கூடாது. சத்தம் அப்போதும் இருந்தால் பெல்ட்டில் குற்றமில்லை. சத்தம் போய்விட்டால் மோட்டாரை நிற்பாட்டித் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். கரடுமுரடாகச் சுற்றினால் பெயாரிங் போய்விட்டது. முன்னும் பின்னும் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தாலும் அதே. எதையும் ஓட்டாமல் பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் இருக்கிற ஐட்லர் புல்லி ஒன்று தட்டிவிட்டதும் "விர்" என்று நீண்ட நேரம் சுற்றுகிறதா? அது நல்ல குணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உள்ளே கிறீஸ் காய்ந்துவிட்டது. நல்ல ஐட்லர் கையில் ஒரு மெல்லிய பிடிப்போடு சுற்றிச் சீக்கிரம் நிற்கும்.

ஓல்டனேற்றர் புல்லியில் சில புதிய டீசல் வாகனங்களுக்கு ஒருவழி கிளச் இருக்கும். ஒரு பக்கம் இலேசாகச் சுற்ற வேண்டும், மறுபக்கம் சுற்றும்போது உள்ளே உள்ள தண்டையும் சேர்த்து இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் இறுகியிருந்தால் கிளச் பிடித்துவிட்டது. அதை மாற்றாமல் எந்தப் பெல்ட் போட்டாலும் கத்தும்.

பெல்ட் கையில் இருக்கும்போது நுகர்ந்து பாருங்கள், தடவிப் பாருங்கள். ஒயில் பட்டிருந்தால் சத்தத்தின் வேர் அங்கேதான். 2எல், 3எல், 5எல் மோட்டார் பூட்டிய டொயோட்டா ஹயஸ் வான்களில் பிரேக்குக்கான வக்யூம் பம்ப் ஓல்டனேற்றரின் பின்பக்கத்திலேயே பூட்டியிருக்கும், அதற்கு மோட்டாரிலிருந்து ஒயில் வரும். அந்த சீல் தேய்ந்தால் ஒயில் ஓல்டனேற்றருக்குள் இறங்கி முன்பக்கமாகப் பெல்ட்டுக்கும் வரும். புதுப் பெல்ட் போட்டுச் சில நாளில் திரும்பக் கத்துகிற வான்களில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அதிலிருந்து கூலன்ட் கசிந்து காய்ந்த தடம் தெரிந்தால் பம்ப்பின் சீல் போய்விட்டது. பவர் ஸ்டியரிங் குழாய் மூட்டையும் துடைத்துப் பாருங்கள். ஒயிலில் ஊறிய பெல்ட்டைக் கழுவிப் பாவிக்கலாமா என்று கேட்கிறார்கள். மேலால் பட்ட சேற்றையும் தூசியையும் தண்ணீராலும் மென்மையான தூரிகையாலும் கழுவலாம். ஒயில் ஊறியிருந்தால் கழுவிப் பயனில்லை, கசிவை நிறுத்திவிட்டுப் புதியதைப் போடுங்கள். புல்லிப் பள்ளங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து பிரேக் கிளீனரால் துடைத்துக் காயவிடுங்கள்.

இப்போது புல்லிக் கோணல். வன்னியில் ஓடுகிற வாகனங்களுக்கு வயது அதிகம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வான்களும் லொறிகளும் பழைய ஓல்டனேற்றர்களோடு, அல்லது கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளிலிருந்து வந்த வேறு மொடல் ஓல்டனேற்றர்களோடு ஓடின. வேறு மொடல் போடும்போது ஓல்டனேற்றரைத் தாங்குகிற பிறக்கற்றில் ஒரு வொஷர் கூடினாலோ குறைந்தாலோ புல்லி இரண்டு மில்லிமீற்றர் முன்னே பின்னே போய்விடும். பிறக்கற்றின் போல்ட் துளை முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தால் இறுக்கும்போது ஓல்டனேற்றர் சரியும். நேரான உருக்கு அடிமட்டம் ஒன்றை மோட்டாரின் சுழல் தண்டில் உள்ள கிராங் புல்லியின் முகத்தில் வைத்து ஓல்டனேற்றர் புல்லி வரை நீட்டுங்கள். இரண்டு புல்லிகளின் விளிம்பும் ஒரே தடிப்பு என்றால் நாலு இடத்திலும் தொட வேண்டும். இரண்டு புல்லிக்கு இடையில் பெல்ட் 30 சென்ரிமீற்றர் நீளம் வெறுமையாக ஓடுகிறது என்றால் 1.5 மில்லிமீற்றர் விலகல்தான் எல்லை. அதற்கு மேல் போனால் வொஷர் மாற்றித் திருத்துங்கள். ஓல்டனேற்றரைப் பூட்டுகிற நீளப் போல்ட்டின் புஷ் தேய்ந்திருந்தால் அதை லேத் பட்டறையில் கடைந்து புதிதாகப் போடுங்கள். இந்த வேலையைச் செய்யாமல் பெல்ட்டுக்கு மேல் பெல்ட் வாங்குவது வீண் செலவு.

வி எழுத்துப் போலக் கீழே ஒடுங்கிய ஒற்றைப் பெல்ட், அதாவது வி பெல்ட் என்றால் புல்லிப் பள்ளத்தின் அடியைப் பாருங்கள். வி பெல்ட் பக்கவாட்டால்தான் இழுக்கும், அடியால் அல்ல. பள்ளத்தின் அடி கண்ணாடி போல மினுங்கினால் பெல்ட் கீழே இறங்கி அடியில் உரசுகிறது. ஒன்றில் பெல்ட் தேய்ந்து ஒடுங்கிவிட்டது, அல்லது 13 மில்லிமீற்றர் அகலம் வேண்டிய இடத்தில் 10 மில்லிமீற்றர் பெல்ட் போட்டிருக்கிறார்கள். புதுப் பெல்ட்டின் மேல்முகம் புல்லி விளிம்போடு மட்டமாக அல்லது சற்று மேலே நிற்க வேண்டும். பள்ளத்தின் சுவர்கள் நேராக இல்லாமல் உட்பக்கம் குழிந்து, அந்தக் குழிவு 0.8 மில்லிமீற்றரைத் தாண்டினால் புல்லியை மாற்றத்தான் வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு பெல்ட் வாங்கப் போகலாம். எழுத்து அழியாமல் இருந்தால் பழைய பெல்ட்டின் முதுகிலேயே எல்லாம் எழுதியிருக்கும். 4பிகே890 என்றால் நாலு வரி, பிகே என்பது வாகனத்துக்கான வரி வடிவம், 890 என்பது மில்லிமீற்றரில் நீளம். வரிக்கு வரி இடைவெளி 3.56 மில்லிமீற்றர், ஆகவே நாலு வரிப் பெல்ட் சுமார் 14 மில்லிமீற்றர் அகலம், ஆறு வரிப் பெல்ட் சுமார் 21. வரி எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கையால் இறுக்குகிற அமைப்பு உள்ள மோட்டாரில் நீளம் ஐந்து மில்லிமீற்றர் கூடினாலோ குறைந்தாலோ அட்ஜஸ்டர் சமாளிக்கும். தானாக இறுக்குகிற டென்சனர் உள்ள மோட்டாரில் சொன்ன நீளத்தையே போடுங்கள். வி பெல்ட்டில் ஏவிஎக்ஸ்13 என்றால் 13 மில்லிமீற்றர் அகலம், உட்பக்கம் பல்லு வெட்டியது. பி52 என்றால் 17 மில்லிமீற்றர் அகலமான பி வகை, உட்சுற்று 52 அங்குலம். எழுத்து அழிந்திருந்தால் பழையதையே கொண்டுபோங்கள், ஆனால் அது இழுபட்டிருக்கும் என்பதால் அளந்த நீளத்தை அப்படியே நம்பாமல் வாகன மொடலையும் மோட்டார் இலக்கத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

பெயருள்ள பெல்ட்டுகளில் பண்டோவும் மிற்சுபோசியும் ஜப்பானின் கோபே நகரத்துக் கம்பனிகள், முதலாவது 1906இலும் மற்றது 1919இலும் தொடங்கியவை. கேற்ஸ் அமெரிக்காவின் டென்வரில் 1911இல் தொடங்கியது. ஃபெனர் பெல்ட் மதுரையில் செய்யப்படுவது. ஆலை, பம்ப், உழவு இயந்திர வேலைகளுக்கு எங்கள் பக்கம் பழகிய பெயர். இவற்றுக்குள் எது முதலிடம் என்று அடித்துச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. நல்ல கம்பனியின் சரியான வகை பெல்ட் என்றால் எதுவும் நிற்கும். பெயரை விட வகைதான் முக்கியம்.

வகையில் முதல் கேள்வி றப்பர். 2000ஆம் ஆண்டுக்கு முன்னைய வரிப் பெல்ட்டுகள் பெரும்பாலும் நியோப்பிறீன் றப்பர். அது சூட்டில் இறுகி வெடிக்கும், ஆகவே வெடிப்பை எண்ணி மாற்றலாம்: ஒரு வரியில் 3 அங்குல நீளத்துக்குள் 3 வெடிப்பு என்றால் நேரம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த நல்ல பெல்ட்டுகள் ஈபிடிஎம் என்ற றப்பரில் வருகின்றன. சூட்டைக் கூடத் தாங்கும், இலகுவில் வெடிக்காது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெடிப்பு இல்லையே, பெல்ட் நல்லம் என்று விடுகிறார்கள். ஈபிடிஎம் பெல்ட் டயர் தேய்வது போலத் தேயும். வரியின் பள்ளம் அகலமாகி, புல்லியின் முனை பெல்ட்டின் பள்ள அடியைத் தொட்டுவிடும், பக்கவாட்டுப் பிடிப்பு போய்விடும். புதுப் பெல்ட்டின் வரியையும் பழையதின் வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். வன்னிக் கோடைக்கு ஈபிடிஎம் என்று எழுதிய பெல்ட்டைத்தான் நாங்கள் சொல்வோம்.

வி பெல்ட்டில் கேள்வி, துணி சுற்றியதா பல்லு வெட்டியதா என்பது. ஓல்டனேற்றர் புல்லி சின்னது. துணி சுற்றிய தடித்த பெல்ட் அந்தச் சின்ன வட்டத்தில் மடியும்போது உள்ளே சூடேறும், அடிப்பக்கம் வெடிக்கும். பல்லு வெட்டிய பெல்ட் இலகுவாக மடியும், காற்றும் படும். ஆலைக்குரிய ஏ வகைத் துணி பெல்ட்டை வானின் ஓல்டனேற்றருக்குப் போடுகிற வழக்கத்தை விடுங்கள். அகலம் ஒன்றுதான் என்றாலும் வேலை ஒன்றல்ல. மறுபக்கம், நெல்லு ஆலையிலும் பெரிய புல்லி உள்ள பம்ப்பிலும் துணி சுற்றிய பி வகை பெல்ட் நன்றாக உழைக்கும். திடீரென்று பாரம் ஏறும்போது சற்று வழுக்கி மெசினைக் காப்பாற்றும், தூசியையும் தாங்கும்.

வகன்ஆர் ஹைபிறிட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அந்தக் காரில் ஓல்டனேற்றர் சார்ஜ் பண்ணுவதோடு நிற்பதில்லை. ஐஎஸ்ஜி என்ற அந்த இயந்திரம் சிக்னலில் நின்ற மோட்டாரை இதே பெல்ட்டால் திரும்ப ஸ்டார்ட் பண்ணும், இழுவைக்கும் கை கொடுக்கும். பெல்ட் இரண்டு திசையிலும் விசையைத் தாங்க வேண்டும். நின்று எடுக்கும்போது ஒரு கீச்சுக் கேட்டால் பெல்ட்டோடு டென்சனரையும் பாருங்கள். இதற்கு மலிவுப் பெல்ட் போடவே கூடாது, வரியும் நீளமும் பொருந்தினாலும் உள்ளே உள்ள நூல் பொருந்தாது.

மலிவு பெல்ட்டின் குறை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. இழுவையைத் தாங்குவது றப்பர் அல்ல, உள்ளே ஓடுகிற நூல். நூல் தரமில்லாவிட்டால் பெல்ட் போட்ட பிறகு இழுபட்டுக்கொண்டே போகும். இன்று இறுக்கினால் கிழமை முடிவில் திரும்பக் கத்தும். கடையிலேயே சில அடையாளம் பார்க்கலாம். வரிகள் எல்லாம் ஒரே உயரமா, ஓரத்தில் நூல் பிரிந்து தொங்குகிறதா, முதுகு எழுத்து நகத்தால் சுரண்டக் கழருகிறதா, பெட்டியில் உள்ள இலக்கமும் பெல்ட்டில் உள்ள இலக்கமும் ஒன்றா. பெயருள்ள பெட்டிக்குள் பெயரில்லாத பெல்ட் வருவதும் உண்டு, ஆகவே பெட்டியைப் பார்த்து மட்டும் காசு கொடுக்காதீர்கள். பெரிய புல்லி, குறைந்த பாரம், அறுந்தாலும் மோட்டார் கெடாத இடம் என்றால் மலிவு பெல்ட் பரவாயில்லை. வாட்டர் பம்ப்பை ஓட்டுகிற பெல்ட்டுக்கு வேண்டாம். முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் அது அறுந்தால் சார்ஜ் லைற் எரியும், கொஞ்ச நேரத்தில் வெப்பமானி முள் ஏறும், அதையும் பார்க்காமல் ஓட்டினால் மோட்டாரின் சிலிண்டர் ஹெட் வளையும். பெல்ட்டில் மிச்சம் பிடித்த காசு ஹெட் வேலைக்கு எந்த மூலைக்கும் காணாது.

கடைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல கடைகளில் பெல்ட்டுகள் வாசல் ஆணியில் வெயிலில் தொங்குகின்றன. நல்ல பெல்ட்டையும் இது கெடுக்கும். 30 பாகை செல்சியசுக்குக் குறைவான, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் பெல்ட் 6 முதல் 8 வருடம் கெடாது என்பது பெல்ட் தொழிலில் உள்ள கணக்கு. அதற்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 8 பாகைக்கும் ஆயுள் பாதியாகும். கிளிநொச்சியில் சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் என்ன சூடு என்று எல்லோருக்கும் தெரியும். வாசலில் தொங்குவதை வாங்காமல், "உள்ளுக்குப் பெட்டியோட இருக்கிறதைத் தாங்கோ அண்ணை" என்று கேளுங்கள். ஆணி பட்ட இடத்தில் மடிந்து தழும்பு விழுந்த பெல்ட்டை வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். மடிந்த இடத்தில் நூல் முறிந்திருக்கும்.

பூட்டுகிற முறை. டொயோட்டா மோட்டார்களில் பெரும்பாலும் 12, 14 நம்பர் ஸ்பனர் போதும். முதலில் அடியில் உள்ள நீளப் போல்ட்டையும் மேலே உள்ள பூட்டு போல்ட்டையும் இளக்குங்கள், பிறகு அட்ஜஸ்டர் போல்ட்டைத் திருப்பி ஓல்டனேற்றரை உள்ளே விடுங்கள். பெல்ட்டைப் புல்லி விளிம்புக்கு மேலால் ஸ்குறூ டிறைவர் கொண்டு நெம்பி ஏற்றக் கூடாது, நூல் அறும். முழுதாக இளக்கிக் கையால் போடுங்கள். வரிப் பெல்ட் என்றால் ஒவ்வொரு புல்லியிலும் விரலால் தடவி, ஒரு வரி தள்ளி உட்காரவில்லை என்று உறுதி செய்யுங்கள். புதுப் பெல்ட் போட்டு உடனே சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அட்ஜஸ்டர் போல்ட் இல்லாத மோட்டாரில் சுத்தியல் பிடி போன்ற மரத்தடியால் முன் பிறக்கற்றுக்குப் பக்கத்தில் நெம்புங்கள். அலவாங்கு வைத்து ஓல்டனேற்றரின் நடு உடம்பை நெம்பினால் அலுமினியக் கூடு வெடிக்கும்.

இறுக்கம் எவ்வளவு? வாகனத்தின் புத்தகத்தில் சொன்ன அளவுதான் முதல். புத்தகம் இல்லாவிட்டால், மிக நீளமாக ஓடுகிற பகுதியின் நடுவில் பெருவிரலால் ஏறத்தாழ 10 கிலோ பாரத்துக்கு அழுத்தும்போது வி பெல்ட் 10 மில்லிமீற்றர் அளவு கீழிறங்க வேண்டும். புதியது என்றால் அதிலும் சற்றுக் குறைவாக, ஏனென்றால் முதல் ஓட்டத்தில் அது பள்ளத்துக்குள் அமர்ந்து தொய்யும். 15 நிமிடம் ஓடவிட்டு, ஆறவிட்டு, திரும்ப அளந்து இறுக்குங்கள். ஒரு கிழமை கழித்து மீண்டும் ஒருமுறை. புதுப் பெல்ட் கத்துகிறது என்று வருகிற முறைப்பாடுகளில் பல இந்த இரண்டாவது இறுக்கத்தைச் செய்யாததால்தான். மோட்டார் நிற்கும்போது ஓல்டனேற்றர் புல்லியைக் கையால் திருப்பினால் பெல்ட்டுக்குள் வழுக்கிச் சுற்றக் கூடாது. மல்ரிமீற்றர் இருந்தால் ஹெட்லைற் போட்டுப் பற்றரியில் அளந்து பாருங்கள். 12 வோல்ற் வாகனத்தில் 13.8 முதல் 14.5 வரை நின்றால் பெல்ட் பிடிக்கிறது, ஓல்டனேற்றரும் நல்லம்.

டென்சனர் உள்ள மோட்டாரில் நீங்கள் இறுக்க எதுவும் இல்லை, டென்சனர் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஐடிலில் அதன் கை இலேசாகத் துடிப்பது இயல்பு. பெரிதாக அடித்துக்கொண்டு ஆடினால் உள்ளே உள்ள அதிர்வு தாங்கி போய்விட்டது. மோட்டாரை நிறுத்தி நீள ஸ்பனரால் அதைத் திருப்பும்போது சிக்காமல் போய்ச் சிக்காமல் திரும்ப வேண்டும்.

உழவு இயந்திரக்காரருக்கு: மெஸி பேர்கசன் போன்றவற்றில் ஃபான் பெல்ட்டுக்கும் அதே 10 மில்லிமீற்றர்தான் கணக்கு. உழவு நேரத்தில் சேறும், வெட்டு நேரத்தில் வைக்கோல் தும்பும் புல்லிக்குள் அடையும். அறுவடை முடிந்து மெசினை நிற்பாட்டி வைக்க முன் தும்பை எடுத்துவிட்டுத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். ஈரத் தும்பு காய்ந்து கல்லாகிவிட்டால் அடுத்த போகத்தில் ஸ்டார்ட் பண்ணிய முதல் நாளே பெல்ட் ஏறி விழும். இரு சக்கர உழவு இயந்திரமான லான்ட் மாஸ்டரிலும் ஆலையிலும் இரண்டு மூன்று பெல்ட் பக்கம் பக்கமாக ஓடுகிற இடத்தில் ஒன்று அறுந்தால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். பழையது இழுபட்டு நீண்டிருக்கும், புதியது ஒன்றே முழுப் பாரத்தையும் இழுத்துச் சீக்கிரம் அறும், பழையவை தொய்ந்து கத்தும். ஒரே கம்பனி, ஒரே இலக்கம், முடிந்தால் ஒரே கட்டிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்து வாங்குங்கள்.

கழற்றிய பெல்ட் அறாமல் இருந்தால் எறிய வேண்டாம். தூசி தட்டி, மடிக்காமல் பெரிய வட்டமாகச் சுருட்டிக் கறுப்புப் பையில் கட்டி, 12, 14 ஸ்பனரோடும் ஒரு டோர்ச்சோடும் சீற்றுக்கு அடியில் வையுங்கள். இரவில் நெடுங்கேணி வீதியில் நிற்க நேர்ந்தால் கிளிநொச்சி வரையோ வவுனியா வரையோ கொண்டுபோய்ச் சேர்க்க அது காணும்.